கொம்பையாவுக்கு வந்த தாயும் மூன்று தங்கைகளும்

கொடுக்காப்பேரி என்ற ஊரைக் கேள்விப்படாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். கேள்விப்பட்டவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு பஸ் ஸ்டாண்டும், அதற்கு எதிரே ஒரு கோர்ட்டும், இரண்டுக்கும் நடுவே விடிந்ததிலிருந்து வடை சுட்டுக்கொண்டே இருக்கிற ஒரு கடையும் உண்டு என்பதும், அந்தக் கோர்ட்டில் தாணுமாலயப்பெருமாள் நீதிபதியாக இருந்த காலத்தில் ஒரு தாயும் மூன்று பெண்பிள்ளைகளும் ஒரு வக்கீலின் வாயிலிருந்து பிறந்து மறுநாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள் என்பதும், டிக்கெட் எடுத்துத்தான் வந்தார்கள் என்பதும்.

நீதிபதி தாணுமாலயப்பெருமாள் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த அநியாயத்தில் பாதி அவருடைய நல்ல மனசால் நடந்தது. வீட்டில் எலி விழுந்தால் பொறியோடு தூக்கிக்கொண்டுபோய் அடுத்த தெருவில் திறந்துவிட்டு வருவார், அடுத்த தெருக்காரர்களைப் பற்றி அவருக்கு யோசனை வராது. கூண்டில் நிற்கிறவன் முகத்தை வாய்தாவுக்கு வாய்தா பார்த்துப் பார்த்து, அவன் இளைத்தது, தாடி வளர்ந்தது, சட்டைக் காலர் நைந்துபோனது எல்லாம் அவருக்கு மனப்பாடம். அடி வாங்கியவர் முகத்தை அவர் பார்ப்பது சாட்சி சொல்ல வருகிற ஒரே ஒரு நாள்தான், அன்றைக்கும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். ஆகவே தண்டனை சொல்லுகிற அன்று அவர் மனசுக்குள் இருப்பது ஒரு முகம்தான், அது அடித்தவன் முகம்.

வக்கீல் சற்குணத்துக்கு இது நன்றாகத் தெரியும். குற்றம் நிரூபணமானதும், தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று குற்றவாளியை நீதிபதி கேட்க வேண்டும், அது சட்டம். கேட்டவுடன் சற்குணம் எழுந்து, கோட்டை இழுத்துவிட்டு, காலம் காலமாகச் சொல்லிவந்த ஒரே பாட்டைச் சொல்லுவார்: என் கட்சிக்காரருக்கு ஒற்றைக் கண் பார்வை போன வயதான தாயார் இருக்கிறார், கல்யாணமாகாத மூன்று தங்கைகள் இருக்கிறார்கள், அந்தக் குடும்பத்தில் சம்பாதிக்கிற ஒரே ஆண்பிள்ளை இவர்தான். கொலை முயற்சிக்கும் அதுதான், கோழித் திருட்டுக்கும் அதுதான். எழுபது வயதுக் கிழவனுக்கும் அவர் வயதான தாயாரைக் கொடுத்திருக்கிறார், சாராயம் விற்ற ஒரு பெண்பிள்ளையையும் ஒரே ஆண்பிள்ளை என்று சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் அது பழகிப்போயிருந்தது, கோயிலில் மந்திரம் சொல்லும்போது யாரும் அர்த்தம் கேட்பதில்லை அல்லவா, அந்த மாதிரி.

கொம்பையா பஸ் ஸ்டாண்டில் சும்மா நின்று சண்டை வளர்க்கிற ஆள். தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, பெண்டாட்டி இல்லை, ஒரு பூனைகூட அவன் வீட்டில் தங்கியதில்லை. அவன் குடியிருந்த மேலத்தெருவில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்தவள் ஆவுடையம்மாள். புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டதால் கத்தரிக்கோலை நம்பிப் பிழைத்தவள். ஒருநாள் சாயங்காலம் கொம்பையா குடித்துவிட்டு வந்து, பேண்டின் காலை வெட்டிக் குட்டையாக்கித் தா, இப்போதே தா என்றான். நான் பொம்பளைத் துணி மட்டும்தான் தைப்பேன் என்றாள் ஆவுடை. ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி சுவரில் சாய்ந்திருந்தது, அதை எடுத்து அவள் வலது முழங்கையில் மூன்று போடு போட்டான். அவளுக்குக் கம்பியின் சத்தம் மட்டும்தான் முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது, வந்தது போகவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை நீளவும் நீளாது, மடங்கவும் மடங்காது, பாதியில் நிற்கும். மிஷினை மிதிக்கலாம், துணியை வெட்ட முடியாது. வெட்டாத துணியை எங்கிருந்து தைப்பது? சோறு இடது கையால்தான். தன் தலையைத் தானே பின்ன முடியாமல் பக்கத்து வீட்டு வாசலில் போய்க் காலையில் உட்கார வேண்டும். ஆவுடைக்குக் கோபம் வந்தால் அழுகையும் சேர்ந்து வரும், அதனால் அவள் கோபத்தை ஊரில் யாரும் கோபம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

தண்டனை சொல்லும் நாளில் சற்குணம் எழுந்து பாட்டைப் பாடினார். கூண்டிலிருந்த கொம்பையாவே திடுக்கிட்டு, யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். பின்பெஞ்சிலிருந்து ஆவுடை எழுந்து, "அய்யா, அவனுக்கு யாருமே கெடையாதுய்யா" என்றாள். வாசலில் பேர் கூப்பிடுகிற டவாலி ஓடிவந்து, நீங்கதான் சாட்சி சொல்லி முடிச்சாச்சுல்லா, உக்காருங்க என்று அமர்த்திவிட்டார். அடி வாங்கியவரை அந்த நேரத்தில் எதுவும் கேட்கிற பழக்கம் அந்தக் கோர்ட்டில் இல்லை. நீதிபதி கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது என்றார். ஏற்கனவே உள்ளே இருந்த நாட்கள் போதும், இன்றைக்குக் கோர்ட் கலைகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகலாம் என்றார். கொம்பையா மூலைப் பெஞ்சில் உட்கார்ந்து, காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்கும் சேர்த்து வடை வாங்கித் தின்று தண்டனையை அனுபவித்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் ஒற்றைக் கண்ணை மூடிய வயதான அம்மாள், பின்னால் தகரப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மூன்று பெண்கள். வடைக்கடைக்காரரிடம் கொம்பையா வீடு எது என்று கேட்டார்கள், அவரும் வழி சொன்னார். இந்த அதிசயத்துக்குக் காரணம் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது; முந்தின வாரம் கோர்ட்டுக்கு வெள்ளையடித்தார்கள் என்பதைத் தவிர அங்கே புதிதாக எதுவும் நடக்கவில்லை. கதவைத் திறந்த கொம்பையாவைக் கட்டிக்கொண்டு அம்மாள், எம்பிள்ள எளச்சுட்டான் என்று அழுதாள். அவனும், தூக்கக் கலக்கத்தினாலோ, வேறு எதனாலோ, நகர்ந்து வழிவிட்டான்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் பார்க்க வேண்டியது. கோர்ட்டில் சொன்ன சங்கதி எப்படிப் பொய்யாகும் என்று மேலத்தெருவில் பேசிக்கொண்டார்கள். ரேஷன் கடையில் கொஞ்சம் தகராறு செய்தார்கள், பெயர் இல்லாமல் எப்படிக் கார்டில் சேர்ப்பது என்று. சற்குணம் பெயர் எதுவும் சொல்லவில்லை, அதனால் அவர்களுக்குப் பெயர் இல்லை, மூத்த தங்கை, நடுத்தங்கை, கடைசித்தங்கை என்றுதான் அவர்களே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். தெருப்பெண்கள் கூடி உட்கார்ந்து, தாயாருக்குப் பிரம்மசக்தி என்றும் பெண்களுக்கு வேலம்மாள், சொர்ணம், இசக்கி என்றும் பெயர் வைத்துப் பாயசம் காய்ச்சினார்கள். ஆவுடை வீட்டுக்கும் ஒரு தம்ளர் வந்தது, அவள் அதை வாங்கிச் சாக்கடையில் ஊற்றினாள்.

ஆனால் சற்குணம் சொன்னதற்கு மேல் ஒரு இம்மிகூட அவர்களால் நகர முடியவில்லை. கல்யாணமாகாத தங்கைகள் என்று சொல்லியாகிவிட்டதா, கல்யாணம் ஆகாது. பெண் பார்க்க வந்தவர்களின் வேன் ஊர் எல்லையில் நின்றுவிடும், வந்து சேர்ந்த ஒருத்தனும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எதற்கு வந்தோம் என்பதையே மறந்து எழுந்து போனான். சம்பாதிக்கிற ஒரே ஆண்பிள்ளை என்று சொல்லியாகிவிட்டதா, அவர்கள் யாராலும் சம்பாதிக்க முடியாது. வேலம்மாள் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன அன்று கடை ஷட்டர் திறக்கவே மறுத்தது. பிறந்த நாள் முதல் ஒரு மூட்டை தூக்கியறியாத கொம்பையா, ஐந்து வாய்க்குச் சோறு போட மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சுமக்கப் போனான். தோள் தோலுரிந்தது, குடிக்கக் காசில்லை, குடித்துவிட்டுப் போனால் தாயார் ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பார்வை வேறு. ஒருநாள் அவன் கோர்ட்டுக்கே போய், அய்யா என்னை உள்ளே போட்டுவிடுங்கள் என்று கும்பிட்டான். கேட்கிறவர்களுக்கெல்லாம் தண்டனை கொடுக்க முடியாது என்று நீதிபதி அன்போடு சொல்லி அனுப்பினார்.

மற்ற வழக்குகளிலும் இந்த வியாதி பரவியது. படிக்கிற பையன், பரீட்சை இருக்கிறது என்று சொல்லி விடுதலை வாங்கிய நாற்பத்தைந்து வயது அடிதடிக்காரர் மறுநாளிலிருந்து தெருவிளக்கின் அடியில் உட்கார்ந்து பிளஸ் டூ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் விளங்காமல் அழுதார். இருதயம் பலவீனம் என்று சொல்லப்பட்ட ஒருவன் படியேற முடியாமல் மச்சிலிருந்து இறங்காமலேயே இருந்தான். எனக்குச் சொந்தமாகக் கப்பல் இருக்கிறது என்று புத்திசாலித்தனமாகச் சொல்லிப் பார்த்த ஒருவனுக்கு ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் கப்பலைக் கேட்டு நீதிபதிக்கு இரக்கம் வரவில்லை, அவர் இந்த நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது என்று சொல்லவில்லை. அவர் நம்பி ஏற்றுக்கொண்டால்தான் நடக்கும் என்பதை ஊர் புரிந்துகொண்டது அப்படித்தான். சற்குணத்தின் வாசலில் கட்சிக்காரர்கள் நின்று, அய்யா நாலு வருஷம் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுங்கள், அம்மாவை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார்கள்.

இதில் ஆவுடைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், கொம்பையா மேல் ஊருக்கு வந்த பரிதாபம் கிடைத்தது. மூட்டை சுமந்து குனிந்து போகிறவனைப் பார்த்து, பாவம் எப்படி இருந்த பையன், எப்படித் திருந்திட்டான் பாரு என்று அவள் கடை வாசலில் நின்றே சொன்னார்கள், அவள் இடது கையால் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்கள். ஏதோ ஒரு வேகத்துல அடிச்சுட்டான், விடு ஆவுடை என்றார்கள். அவன் முதுகு வலி ஊருக்கே தெரிந்திருந்தது, இவள் கை வலியை விசாரிக்க ஒரு ஆள் இல்லை. இரக்கம் என்பதும் தண்ணீர் மாதிரிதான் போல, பள்ளம் பார்த்து ஓடுகிறது, ஆனால் பள்ளம் தோண்டத் தெரிந்தவன் பக்கம்தான் ஓடுகிறது என்று எனக்கே அப்போது எரிச்சலாக இருந்தது.

தண்டனை போதாது என்று அரசு வக்கீல் மேல்கோர்ட்டுக்குப் போயிருந்தார். போன விஷயத்தை எல்லாரும் மறந்த பிறகு அங்கிருந்து உத்தரவு வந்தது: பாதிக்கப்பட்ட பெண்ணையும் கேட்டுவிட்டுத் தண்டனையை மறுபடி முடிவு செய்யுங்கள் என்று. ஆவுடையைக் கேட்கப் போகிறார்கள், அவள் சொல்லி நீதிபதி ஏற்றுக்கொண்டால் அது நடந்துவிடும் என்றதும் ஊர் அவள் கடைக்கு முன்னால் திரண்டது. அதுவரை பரிதாபத்தையெல்லாம் கொம்பையாவுக்குக் கொடுத்தவர்கள் இப்போது அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். தண்ணித் தொட்டி இல்லாமல் கஷ்டப்படுகிறேன் என்று சொல்லு, அப்படியே ஊருக்குத் தொட்டி வந்துவிடும் என்றார் கவுன்சிலர். நடந்தே கோர்ட்டுக்கு வருகிறேன், இந்த ஊரில் ரயில் நிற்பதில்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளச் சொன்னார் வடைக்கடைக்காரர். ஆவுடை காப்பியை எல்லாம் குடித்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினாள்.

சற்குணமும் வந்தார். அவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது. கை சரியாகிவிட்டது என்று சொல்லிவிடு, அய்யா அதைக் கேட்க ஆசையாக இருக்கிறார், உடனே ஏற்றுக்கொள்வார், அந்த நிமிஷமே உன் கை பழைய கையாகிவிடும் என்றார். ஆவுடை, "அப்பொறம் கொம்பையா?" என்று கேட்டாள். சற்குணம் சிரித்தார். காயமே இல்லாத வழக்கில் தண்டனை ஏது, அவன் வீட்டுக்குப் போவான், உனக்கென்ன, உனக்குக் கை வந்துவிடுகிறதே என்றார். அவர் போன பிறகு ஆவுடை கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பட்டுத் துணியில் கத்தரி ஓடுகிற சத்தம் அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கை அவளுக்கு வேண்டும். அதைவிட எதுவும் வேண்டாம் என்றுகூட அன்றைக்கு நினைத்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் பிரம்மசக்தி ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். தைத்துத் தருவாயா என்று கேட்டாள். ஆவுடை டேப்பை எடுத்து இடது கையால் அளவெடுத்தாள். இல்லாத மனுஷிக்கு இடுப்பு நாற்பது இருந்தது. கழுத்தில் வேர்வை இருந்தது, சாம்பார் வாசனை இருந்தது, அளவெடுக்கும்போது கூச்சத்தில் நெளிந்தாள். இவ்வளவும் ஒரு பொய்யில் எங்கே இருந்தது என்று ஆவுடைக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை, அலுப்பாகத்தான் இருந்தது.

"நாளைக்கு நீ பேசப் போறியாம்ல, தாயி" என்றாள் பிரம்மசக்தி. "பெத்தவ நானு. அவன விட்டுருன்னுதான் கேக்கணும். ஒங்கையப் பாத்தா கேக்க வாய் வரல. எங்கள இல்லன்னு மட்டும் சொல்லிராத. அந்த அய்யா நம்பிட்டாருன்னா நாங்க இல்லாமப் போயிருவோம்."

"நீங்க வந்ததுல இருந்துதான் அவனப் பாத்து ஊரே பாவம் பாக்கு, ஆச்சி" என்றாள் ஆவுடை. "எனக்கு உங்க மேல எம்புட்டு ஆத்திரம் இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். பாயசத்த ஊத்துனத நானும் பாத்தேன்" என்றாள் கிழவி. கழுத்தை மட்டும் கொஞ்சம் இறக்கித் தைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் கோர்ட்டில் இடமில்லை. ஜன்னல் கம்பிகளில் ஆட்கள் தொங்கினார்கள், பிளஸ் டூ படிக்கிற அடிதடிக்காரரும் புத்தகத்தோடு வந்திருந்தார். கொம்பையா கூண்டில் நின்றான், தாயும் தங்கைகளும் முன்பெஞ்சில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையைக் கூப்பிட்டார்கள். நீதிபதி வழக்கம்போல் குனிந்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கேட்டுப் பழக்கமில்லாததால் அவருக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

"இவனுக்கு ஒரு அம்மா உண்டும்யா, மூணு தங்கச்சியும் உண்டும்" என்றாள் ஆவுடை. "அளவெடுத்துப் பாத்துட்டேன், நெசந்தான்." கோர்ட்டில் சிரித்தார்கள். சற்குணமும் சிரித்தார், அவருடைய வழக்குக்கு இதைவிடப் பலமான சாட்சி கிடைத்ததில்லை. முன்பெஞ்சில் பிரம்மசக்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அந்தப் பிள்ளைக மூணும் எங்கடையில வேலை பாக்குதுய்யா. எனக்கு வெட்டக் கையில்ல, அதுக வெட்டுது. அதுக சம்பளத்துலதான் அந்த வீட்டுல ஒல கொதிக்கி. இவன் ஒருத்தன் சம்பாதிச்சாத்தான் சோறுன்னு இல்ல."

சற்குணத்தின் சிரிப்பு நின்றது. அவர் துள்ளி எழுந்து ஆட்சேபிப்பதற்குள், நீதிபதிக்கு அந்தப் பெண்களை நினைத்து உள்ளம் குளிர்ந்து, இந்த நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது என்று சொல்லிவிட்டார். முன்பெஞ்சில் மூன்று பேர் கழுத்திலும் அளவு டேப் தொங்கியது. கடைசித்தங்கை இசக்கி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பல் தெரியச் சிரித்தாள்.

பிறகு நீதிபதி கையைப் பற்றிக் கேட்டார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் அம்மா என்றார். அவள் சரியாகிவிட்டது என்று சொல்ல வேண்டும் என்று தன் நல்ல மனசு முழுவதாலும் அவர் ஆசைப்பட்டார். அவளுக்குக் கை வரும், அவன் வீட்டுக்குப் போவான், யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை, எல்லாரும் சாப்பிடப் போகலாம். சொல்லு, சொல்லு என்று ஜன்னலில் தொங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆவுடை தன் கையைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. நாளைக் காலையில் தலையைத் தானே பின்னிக்கொள்ளலாம். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது, அவள் அதற்கு மிகவும் ஆசைப்பட்டாள். கூண்டில் கொம்பையா அவளைப் பார்க்காமல் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாயிட்டுன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்குய்யா" என்றாள். "ஆனா அப்பிடிச் சொன்னா இவன் அடிக்கவே இல்லன்னு ஆயிரும். அடிச்சான்யா. அவன் அடிச்ச கை இது, இன்னைக்கும் மடங்கல."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். இதை ஏற்றுக்கொண்டால் அந்தக் கை அப்படியே நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அவள் பொய் சொல்லுகிறாள் என்று ஆகும். கடைசியில், இந்த நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது என்று அவர் சொன்னது முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. ஏழு வருஷம் என்றார். அவர் கைக்குட்டையைத் தேடினார், அன்றைக்கு அது யாருக்காக என்று அவருக்கே தெரிந்திருக்காது. கொம்பையா போலீஸ்காரரோடு நடந்துபோகும்போது தாயார், எம்பிள்ளய எங்கய்யா கொண்டுபோறீங்க என்று கத்தினாள். அவன் திரும்பி அவளை ஒரு தடவை பார்த்தான், ஆவுடையைப் பார்க்காமலேயே போனான்.

கூட்டம் வடைக்கடைக்குக் கலைந்தது. தொட்டியும் கேட்கவில்லை, ரயிலும் கேட்கவில்லை, கையையும் விட்டுவிட்டாளே பைத்தியக்காரி என்று ஏசிக்கொண்டே போனார்கள். ஆவுடை கோர்ட் படியில் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று நினைக்காமல், எங்கை போச்சே, எங்கை போச்சே என்று வாய்விட்டு அழுதாள். ஒரு படி தள்ளி பிரம்மசக்தி உட்கார்ந்து மகனை நினைத்து அழுதாள். யாரைத் தேற்றுவது என்று தெரியாமல், தாய் ஒரு பக்கம் முதலாளியம்மா ஒரு பக்கமாக, மூன்று பெண்களும் நடுவில் டேப்பைத் திருகிக்கொண்டு நின்றார்கள்.

ஆவுடை இடது கையால் மூக்கைத் துடைத்தாள். "அழுது முடிச்சிட்டுப் பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க, ஆச்சி. தீவாளித் துணியெல்லாம் வெட்டாமக் கெடக்கு."

"நான் இன்னும் கொஞ்ச நேரம் அழுவேன்" என்றாள் பிரம்மசக்தி.

"அழுங்க. நானும் இன்னும் முடிக்கல."